நான்காவது காரணத்தை முதலில் எழுது

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய எஸ்.ஓ.பி.யை, அதாவது ஏன் அங்கே படிக்க விரும்புகிறாய் என்று விண்ணப்பத்தோடு எழுதும் கட்டுரையை, நானும் அம்மாவும் படித்துவிட்டோம். நெதர்லாந்தின் டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் நீரியல் பொறியியல் படிக்க ஏன் போக வேண்டும் என்பதற்கு நான்கு காரணம் சொல்லியிருக்கிறாய். உலகத் தரவரிசை, படித்து முடித்ததும் வேலை, பல நாட்டு மாணவர்களோடு பழகும் வாய்ப்பு. நான்காவதாக, இரண்டாம் பக்கத்தின் அடியில், அந்நாட்டின் ஊஸ்டர்ஸ்கெல்டே கழிமுகத்தில் புயல் நேரத்துக் கடலைத் தடுக்கக் கட்டிய தடுப்பணையைப் பற்றி ஐந்தாறு வரி. அந்த வரிகளுக்கு வந்த பிறகுதான் இதை எழுதியது நீ என்று எனக்குத் தெரிந்தது. மற்ற மூன்றையும் யார் வேண்டுமானாலும் எழுதலாம்.

போனில் நீ சொன்னதில் பாதிகூட அதில் இல்லையே! 1953 ஜனவரி 31 இரவு வந்த புயலில் கடல் உள்ளே புகுந்து நெதர்லாந்தில் 1,836 பேர் இறந்தார்கள் என்றாய். இனி இப்படி நடக்கக் கூடாது என்று, கடல் உள்ளே வரும் கழிமுகங்களை ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டே வந்தார்கள். ஊஸ்டர்ஸ்கெல்டேயையும் அடைக்கத்தான் திட்டம். அதை அடைத்துவிட்டால் உப்புநீரும் கடலின் ஏற்ற இறக்கமும் போய்விடும், சிப்பியும் மீனும் அழிந்துவிடும் என்று மீனவர்களும் சூழலியல்காரர்களும் எதிர்த்தார்கள். பாதி வேலை நடந்துகொண்டிருக்கும்போதே அரசு திட்டத்தை மாற்றியது. 65 தூண், நடுவில் 62 எஃகுக் கதவு. சாதாரண நாட்களில் கதவுகள் மேலே தூக்கியபடியே இருக்கும், கடல் தன் பாட்டுக்கு வந்து போகும். நீர்மட்டம் சராசரிக் கடல்மட்டத்தைவிட மூன்று மீட்டர் உயரும் என்று தெரிந்தால் மட்டும் இறக்குவார்கள். 1986இல் திறந்தார்கள். முழுக்க அடைப்பதைவிட இதற்குச் செலவும் அதிகம், வேலையும் கடினம்.

இதையெல்லாம் இங்கேயே புத்தகத்தில் படிக்கலாமே என்று நான் கேட்டேன். நீ யோசிக்கவே இல்லை. "தூண்களுக்கு இரண்டு பக்கமும் கடல் தரையில் நீரோட்டம் பள்ளம் பறிச்சுக்கிட்டே இருக்கு அப்பா, அதை இன்னமும் அளந்துக்கிட்டே இருக்காங்க. அளக்கிறவங்ககிட்டதான் நான் படிக்கணும்" என்றாய். ஒரு படிப்புக்காக நாடு விட்டு நாடு போக இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தோன்றவில்லை. அந்த வாக்கியம் உன் எஸ்.ஓ.பி.யில் எங்கே? அதை முதல் பத்திக்குக் கொண்டு வா.

வேலை கிடைக்கும் என்பது தப்பான காரணம் இல்லை. வீட்டில் எல்லோரும் அதைப் பற்றித்தான் கேட்கிறார்கள், எனக்கும் அந்தக் கவலை உண்டு. ஆனால் அந்தக் காரணத்தின் சாவி இன்னொரு அரசாங்கத்திடம் இருக்கிறது. படிப்பு முடித்தவர்கள் தங்கி வேலை பார்க்கத் தந்த விசாவை பிரிட்டன் 2012இல் நிறுத்தியது, 2021இல் வேறு பெயரில் மறுபடி கொண்டு வந்தது. 2024இல் கனடா வெளிநாட்டு மாணவர் அனுமதிக்கு உச்சவரம்பு வைத்தது. நெதர்லாந்து இப்போது படித்து முடித்தவர்களுக்கு வேலை தேட ஒரு வருடம் தருகிறது. நீ முடித்து வெளியே வரும் நாளில் அது இருக்கலாம், மாறியும் இருக்கலாம். அதை நம்பி மட்டும் போனால், விதி மாறிய அன்றைக்கு இரண்டு வருடமும் வீண் என்று தோன்றும். அந்தப் பள்ளத்தைப் பற்றித் தெரிந்துகொள்ளப் போனால் அப்படித் தோன்றாது. வேலைக்காகப் போவதென்றாலும் டச்சு மொழியை முதல் மாதமே கற்க ஆரம்பித்துவிடு. வகுப்பு ஆங்கிலத்தில்தான் நடக்கும், ஆனால் அங்கே கரைகளையும் கால்வாய்களையும் பார்த்துக்கொள்ளும் நீர் வாரியங்கள் பேசுவதும் எழுதுவதும் டச்சில்தான்.

தரவரிசையைப் பற்றி ஒன்று சொல்கிறேன். அந்த எண் மொத்தப் பல்கலைக்கழகத்துக்கும் சேர்த்துக் கொடுத்தது. உன் ஆய்வேட்டுக்கு யார் வழிகாட்டி, அவர் இப்போது எதில் வேலை செய்கிறார் என்று அது சொல்லாது. அதைத் தேடிப் பார், அவர்களுடைய இரண்டு கட்டுரையாவது படித்துவிட்டு எழுது. அங்கே மதிப்பெண் பத்துக்குத்தான். பத்து அனேகமாக யாருக்கும் கிடைக்காது, எட்டு வாங்கினாலே மிக நல்ல மாணவி. எப்போதும் முதல் இடத்தில் இருந்தே பழகிய உனக்கு முதல் தேர்வில் ஆறரை வரலாம். அன்றைக்குத் தரவரிசை உனக்கு ஒரு ஆறுதலும் தராது.

பல நாட்டு மாணவர்களோடு பழகு, சந்தோஷமாகப் பழகு. அதற்கு ஒரு வரி போதும்.

நீ எழுதாமல் விட்ட ஒரு காரணமும் இருக்கிறது. யாரும் கேள்வி கேட்காமல் கொஞ்ச காலம் தனியாக வாழ்ந்து பார்க்க வேண்டும் என்று உனக்கு ஆசை. அம்மாவுக்கும் தெரியும். இதை எங்களிடம் சொல்லத் தயங்க வேண்டாம். உன் வயதில் அந்த ஆசை இருப்பதுதான் நியாயம். கல்லூரிக்கு அதை எழுத வேண்டியதில்லை, எங்களிடம் மறைக்கவும் வேண்டியதில்லை.

ஆனால் தனியாக இருப்பதன் கணக்கையும் பார்த்துக்கொள். பகுதி நேர வேலை செய்து செலவைச் சமாளிப்பேன் என்கிறாய். அங்கே உன்னைப் போன்ற மாணவர்களுக்கு வாரம் 16 மணி நேரம்தான் அனுமதி, இல்லாவிட்டால் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை முழு நேரம். அதற்கும் வேலை தருகிறவர் தனி அனுமதி வாங்க வேண்டும். ஒரு வருடப் படிப்பு 60 கிரெடிட், ஒரு கிரெடிட்டுக்கு 28 மணி நேரம். கூட்டிப் பார், படிப்பே ஒரு முழு நேர வேலை. வருடத்துக்குப் பாதி கிரெடிட்டாவது எடுக்காவிட்டால், தகுந்த காரணம் இல்லாத பட்சத்தில், தங்கும் அனுமதிக்கே ஆபத்து வரும். அதனால் பகுதி நேர வேலையில் வரும் பணத்தைப் பட்ஜெட்டில் சேர்க்காதே. வந்தால் கைச்செலவுக்கு வைத்துக்கொள்.

எனக்கு நிஜமாகவே பயமாக இருப்பது தங்குமிடம் பற்றி மட்டும்தான். அறை கிடைக்காவிட்டால் வர வேண்டாம் என்று சில டச்சுப் பல்கலைக்கழகங்களே வெளிநாட்டு மாணவர்களிடம் சொல்லியிருக்கின்றன. இடம் கிடைத்த அன்றைக்கே அறை தேட ஆரம்பி. நேரில் பார்க்காத வீட்டுக்கு யார் முன்பணம் கேட்டாலும் என்னைக் கேட்காமல் அனுப்பாதே. வீட்டு வாடகையில் ஏமாற்றுகிறவர்கள் புதிதாக வரும் மாணவர்களைத்தான் குறி வைப்பார்கள்.

விசாவுக்குப் பல்கலைக்கழகமே அங்கிருந்து விண்ணப்பிக்கும், நாம் பணத்துக்கான ஆதாரத்தைக் காட்ட வேண்டும். அதை நான் பார்த்துக்கொள்கிறேன். கல்விக் கடனுக்கு வங்கியில் பேசிவிட்டேன், உன் மதிப்பெண் பட்டியல்களின் நகல் வேண்டும் என்கிறார்கள். இந்த வாரமே அனுப்பு. திருத்திய எஸ்.ஓ.பி.யையும் கூடவே அனுப்பு. அம்மா முதலில் படிக்க வேண்டும் என்கிறாள். அந்தக் கடல் தரைப் பள்ளம் எவ்வளவு ஆழம் என்று என்னிடம் கேட்கிறாள், எனக்குச் சொல்லத் தெரியவில்லை. போனில் பேசும்போது நீயே சொல்லிவிடு.

அன்புடன்,
அப்பா