செம்பனுக்காகக் கைகொடுத்தவர்களுக்கு எங்கள் நன்றி

அன்புள்ள ஊர் மக்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

எங்கள் வீட்டு நாய் செம்பன் கடந்த வாரம் எங்களை விட்டுப் பிரிந்தான். அவன் நோயுற்றிருந்த நாட்களில் துணை நின்ற பலரிடம் ஒரு வார்த்தை பேசக்கூட எங்களால் அப்போது முடியவில்லை. அதற்காகவே இம்மடல்.

2017 நவம்பர் 30 அன்று ஓகிப் புயல் நம் மாவட்டத்தைப் புரட்டிப் போட்டுச் சென்ற பிறகு, தக்கலைக்கு அருகே எங்கள் ரப்பர் தோட்டத்தில் முறிந்து கிடந்த மரங்களைப் பார்க்கப் போன அப்பா, ஒரு கிளைக்கு அடியில் நடுங்கிக்கொண்டிருந்த நாட்டு நாய்க்குட்டியைத் துண்டில் சுற்றி எடுத்து வந்தார். மின்சாரம் இல்லாத அந்த இரவுகளில் அம்மை விளக்கு வெளிச்சத்தில் பால் புகட்டி அவனைப் பிழைக்க வைத்தார். வளர்ந்த பின் அவன் அப்பாவின் நாயாகவே இருந்தான். விடியும் முன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர் பால் வெட்டப் போகும் அப்பாவுக்குச் சற்று முன்னால் நடப்பான். புதரில் ஏதேனும் அசைந்தால் நின்று உறுமுவான். அப்பா ‘நட டே’ என்று சொன்ன பிறகே அடுத்த அடியை எடுத்து வைப்பான்.

அவனுக்கு வந்தது உண்ணிக் காய்ச்சல். உண்ணி கடிக்கும்போது உடலில் புகும் எர்லிக்கியா என்ற கிருமி, இரத்தத்தின் வெள்ளணுக்களுக்குள் பெருகி, இரத்தம் உறைய உதவும் தட்டணுக்களைக் குறைத்துவிடும். முதலில் வரும் காய்ச்சல் தணிந்த பிறகு, மாதக்கணக்கில், சில வேளைகளில் ஆண்டுக்கணக்கில்கூட, வெளியே எதுவும் தெரியாமல் நாய் ஓடியாடித் திரியும் என்பதுதான் இந்நோயின் கொடுமை. செம்பனின் மூக்கில் இரத்தம் கசிந்த அன்று, எங்கள் ஊர்க் கால்நடை மருத்துவர் அவனுடைய உதட்டை விலக்கி, வெளுத்துப்போன ஈறைக் காட்டி, இரத்தம் உருவாகும் எலும்பு மஜ்ஜை வரை நோய் எட்டியிருக்கலாம் என்றும் மாத்திரையோடு இரத்தமும் ஏற்ற வேண்டியிருக்கும் என்றும் ஒளிக்காமல் சொன்னார். பொய் நம்பிக்கை தராத அந்த நேர்மைக்கு முதல் நன்றி.

அடுத்த நன்றி, செம்பனுக்கு இரத்தம் கொடுத்த நாய் ராக்கிக்கும் அவனை வளர்க்கும் நாகர்கோவில் குடும்பத்தாருக்கும் உரியது. நாய்களுக்கும் இரத்த வகைகள் உண்டு. இரத்தம் கொடுக்கும் நாய் நோயற்றதாகவும் நல்ல எடையுள்ளதாகவும் இருக்க வேண்டும். எங்களை முன்பின் அறியாத அவர்கள், செய்தி கேட்ட அன்றே தங்கள் லாப்ரடாரை அழைத்துக்கொண்டு, ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவில் திருநெல்வேலி ராமையன்பட்டியிலுள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார்கள். ராக்கியின் கழுத்தில் மயிரை மழித்து ஊசி ஏற்றியபோது, அந்த வீட்டு அக்கா அவன் தலையைத் தம் தோளோடு அணைத்துக்கொண்டு காதருகே பேசிக்கொண்டே இருந்தார். அன்று மாலை செம்பன் எழுந்து நின்று வாலாட்டியதை அவர்களும் பார்த்தார்கள் என்பது எங்களுக்கு இன்றும் ஆறுதல்.

இருக்கையை மடக்கித் தார்ப்பாய் விரித்து, ஆரல்வாய்மொழிக் காற்றில் வண்டி ஆடாமல் மெதுவாக ஓட்டிச் சென்ற வேன் ஓட்டுநர் தம்பிக்கும், கல்லூரி மருத்துவர்களுக்கும், இரவெல்லாம் குளுக்கோஸ் பாட்டிலைக் கவனித்த மாணவர்களுக்கும் நன்றி. குளச்சலிலிருந்து மீன் கொண்டு வரும் அக்காவைத் தனியாகச் சொல்ல வேண்டும். எதையும் முகர்ந்து பார்க்காமல் கிடந்தவனுக்காக, சாளையை வீட்டிலேயே அவித்து, முள் நீக்கிச் சம்புடத்தில் கொண்டு வந்து ஊட்டினார். கடைசியாக அவன் உண்டது அவர் கையால்தான்.

ஏற்றிய இரத்தம் உடலில் நிலைக்கவில்லை. வீட்டுக்குக் கொண்டு போங்கள் என்று மருத்துவர்கள் சொன்ன பிறகு, வீட்டு முற்றத்தில், அப்பாவின் மடியில் அவன் கண்மூடினான். கொட்டும் மழையில், சரிந்து சரிந்து விழுந்த மண்ணை வாரிப் போட்டு, பிற விலங்குகள் கிளறாத ஆழத்துக்கு விளையில் குழி வெட்டித் தந்த பக்கத்து வீட்டு அண்ணன்மாரை மறக்க மாட்டோம்.

நாய் வளர்க்கும் அனைவரிடமும் ஒரு வேண்டுகோள். காது மடலின் உட்புறத்தையும் கால்விரல் இடுக்குகளையும் அடிக்கடி தடவிப் பாருங்கள். உண்ணி சுவர் வெடிப்புகளில் முட்டையிடும் என்பதால் நாயைக் குளிப்பாட்டுவதோடு நிறுத்தாமல், அது படுக்கும் இடத்தையும் மருத்துவரிடம் கேட்டு மருந்திட்டுச் சுத்தம் செய்யுங்கள். சோர்வு தெரிந்தால் இரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். தொடக்கத்திலேயே கண்டால் டாக்சிசைக்ளின் மாத்திரையால் பெரும்பாலும் குணமாகிவிடும்.

அடுத்த தோட்டத்தில் பால் வெட்டும் மாமா, யாரும் கேட்காமலே, இப்போது அதிகாலையில் எங்கள் வீட்டு நடையில் வந்து அப்பாவுக்காகக் காத்து நிற்கிறார். அவருக்கு எப்படி நன்றி சொல்வது என்று அப்பாவுக்கே தெரியவில்லை. அப்பாவின் சார்பில் நாங்கள் சொல்லிக்கொள்கிறோம்.

செலவுக்கென்று நீங்கள் அப்பாவின் கையில் திணித்த பணத்தில் மீந்ததை வேன் ஓட்டுநர் தம்பியிடமே கொடுத்து வைத்திருக்கிறோம். இனி நம் ஊரில் எந்த வீட்டு நாயையாவது திருநெல்வேலிக்குக் கொண்டு போக நேர்ந்தால், வாடகையை அதிலிருந்து எடுத்துக்கொள்வார்.

நன்றியுடன்,
செம்பனின் குடும்பத்தார்,
தக்கலை.