சிற்பங்களின் ஸ்கேன் கோப்புகளைத் தடையின்றி வெளியிடுங்கள்: அருங்காட்சியகப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அருங்காட்சியகப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். வீட்டு மேசையில் இயங்கும் முப்பரிமாண அச்சுப்பொறியில் சிற்பங்களை அச்சிட்டு, உப்புத்தாளால் தேய்த்து, வண்ணம் பூசி, சில வேளைகளில் அவற்றிலிருந்து வார்ப்பச்சு எடுத்துப் புதிய உருவங்களையும் செய்துவரும் பலருள் நானும் ஒருவன். உங்களுள் பலர் ஆவணப்படுத்தலுக்காகவும் பழுதுபார்ப்புக்காகவும் சிற்பங்களை ஏற்கெனவே ஸ்கேன் செய்து வைத்திருக்கிறீர்கள். பதிப்புரிமைக் காலம் முடிந்த சிற்பங்களின் கோப்புகளையேனும் எவரும் தரவிறக்கி, மாற்றி, அச்சிட்டுக்கொள்ளும்படி கட்டணமும் நிபந்தனையும் இன்றி வெளியிட வேண்டுகிறேன்.

இது நடைமுறைக்கு ஒவ்வாத கோரிக்கை அல்ல. அமெரிக்காவின் அருங்காட்சியகத் தொகுப்பான ஸ்மித்சோனியன் நிறுவனம் 2020 பிப்ரவரியில் ஏறத்தாழ 28 லட்சம் படங்களையும் முப்பரிமாண மாதிரிகளையும் கிரியேட்டிவ் காமன்ஸ் சீரோ முறையில், அதாவது எந்த உரிமை நிபந்தனையும் இன்றி, பொதுப் பயன்பாட்டுக்கு வழங்கியது. அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஆபிரகாம் லிங்கன் கொல்லப்படுவதற்கு இரண்டு மாதங்களுக்கு முன், 1865 பிப்ரவரியில், அவர் முகத்தின் மீதே சாந்து பூசி எடுத்த வார்ப்பின் ஸ்கேனையும் அந்நிறுவனம் தருகிறது. அதை நான் முதலில் படுக்கவைத்து அச்சிட்டேன். சரிவு குறைந்த நெற்றியிலும் மூக்கு நுனியிலும் அச்சு அடுக்குகள் படிக்கட்டு போலத் தெரிந்து, சுருக்கங்களை விழுங்கிவிட்டன. நிமிர்த்தி, 0.12 மி.மீ. அடுக்கில் மறுபடி அச்சிட்டபோதுதான் கண்ணுக்குக் கீழுள்ள குழிவும் கன்னத்து மடிப்பும் விரலுக்குத் தட்டுப்பட்டன. பார்வையற்ற நண்பர் ஒருவர் அதைக் கையில் வாங்கி, இரண்டு கட்டைவிரல்களாலும் இமையிலிருந்து தாடை வரை மெல்லத் தடவிவிட்டு, "இந்த மனுஷன் ரொம்பக் களைச்சுப்போயிருக்கார்" என்றார். கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் எந்தச் சிற்பத்தைப் பற்றியும் அவரால் அப்படிச் சொல்லியிருக்க முடியாது.

வெளியிட்டாலும் 'வணிகப் பயன்பாடு கூடாது' என்ற நிபந்தனையைச் சேர்ப்பதுதான் எங்களை அதிகம் முடக்குகிறது. 3,300 ஆண்டுகளுக்கும் மேல் பழமையான, பெர்லினில் உள்ள எகிப்திய அரசி நெஃபெர்டிட்டி சிலையின் ஸ்கேன் 2019-இல் வெளியானபோது, அத்தகைய உரிமக் குறிப்பு மாதிரியின் அடிப்பாகத்திலேயே பொறிக்கப்பட்டிருந்தது. அச்சிட்ட உருவத்தை விற்கும் கைவினைஞரும், சிறு கட்டணம் பெற்று வகுப்பு நடத்தும் ஓவிய ஆசிரியரும் இந்த நிபந்தனைக்கு அஞ்சி ஒதுங்கிவிடுகிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019-ஆம் ஆண்டுப் பதிப்புரிமை நெறியாணையின் 14-ஆம் பிரிவோ, காலம் முடிந்த காட்சிக்கலைப் படைப்பை உள்ளபடியே படியெடுப்பதால் மட்டும் புதிய பதிப்புரிமை பிறப்பதில்லை என்று தெளிவாகச் சொல்கிறது. ஸ்கேன் எடுப்பதற்கான செலவை நான் சிறிதாக எண்ணவில்லை. ஆனால் பொதுப்பணத்தில் எடுத்த ஸ்கேனுக்கு மக்கள் ஏற்கெனவே விலை கொடுத்துவிட்டார்கள்.

கோப்பைப் பற்றியும் ஒரு வேண்டுகோள் உண்டு. முப்பரிமாண அச்சுக்குப் பரவலாகப் பயன்படும் எஸ்டிஎல் (STL) கோப்பில் உருவின் மேற்பரப்பைக் காட்டும் முக்கோணங்கள் மட்டுமே இருக்கும், அளவலகு இராது. ஆகவே மூலச் சிற்பத்தின் உயரத்தை மில்லிமீட்டரில் தனியே குறிப்பிடுங்கள். ஸ்கேனருக்கு எட்டாத இடுக்குகளை மென்பொருளால் எங்கெங்கே நிரப்பினீர்கள் என்பதையும் எழுதிவையுங்கள், ஏனெனில் அந்த இடங்களைச் சிற்பியின் உளிவேலை என்று நம்பிப் பயில்பவர்கள் இருக்கிறார்கள்.

வழிபாட்டுக்குரியவை, முன்னோர் எச்சங்கள், கைமாறிய விதம் சர்ச்சைக்குள்ளானவை ஆகியவற்றை அவற்றுக்குரிய மக்களின் இசைவின்றி வெளியிடக் கூடாது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. மற்றவற்றுள் எதையேனும் வெளியிட இயலாதென்றால், எது, ஏன் என்பதை உங்கள் பட்டியலில் அந்தப் பொருளின் பெயருக்கு நேரே பதிவுசெய்யுங்கள்.

பணிவுடன்,
உங்கள் பார்வையாளருள் ஒருவன்