அம்மாவுக்குக் கதை படித்த ஒன்பது பேருக்கு

டிசம்பர் 15 முதல் 23 வரை ஒரு நாள் விடாமல், ராத்திரி ஏழரை மணிக்கு மாடிப்படி ஏறி வந்து அம்மாவுக்குக் கிறிஸ்துமஸ் கதை படித்துக் காட்டிய உங்கள் எல்லாருக்கும் இந்த மடல். நேரில் வந்து சொல்லத்தான் ஆசை. டாக்டர் இன்னும் என்னைப் பேச விடவில்லை, அதனால் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகவே எழுதுவேன்.

நம் சைதாப்பேட்டை குடியிருப்புக்குப் புதிதாக வந்தவர்களுக்கு விவரம் தெரியாமல் இருக்கலாம். அம்மாவுக்கு 78 வயது. முப்பது வருடத்துக்கு மேல் சண்டே ஸ்கூலில் பிள்ளைகளுக்குக் கதை சொன்னவர். டிசம்பர் பிறந்தால், வாசலில் நட்சத்திரம் கட்டுவதற்கு முன்பே எங்கள் வீட்டில் கதை ஆரம்பித்துவிடும். க்ளாக்கோமா என்கிற கண் அழுத்த நோய் வந்து மூன்று வருடமாக அவருக்குப் பார்வை இல்லை. அதிலிருந்து நான்தான் படித்துக் காட்டுவேன். இந்த நவம்பர் கடைசியில் என் குரல் போய்விட்டது. குரல் நாணில் முடிச்சு, ஒரு மாதம் வாயே திறக்கக் கூடாது என்றார்கள். அம்மா "பரவாயில்லம்மா, எல்லாம் எனக்கு மனப்பாடம்தானே" என்று சொல்லிவிட்டார். ஆனால் ஒரு நாள் சாயங்காலம் பழைய கதைப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பக்கமாக விரலால் தடவித் திருப்பிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். அன்றைக்கே, அம்மாவுக்குக் கதை படித்துக் காட்ட யாராவது வருவீர்களா என்று எழுதி, கீழே மீட்டர் பெட்டி பக்கத்தில் ஒரு தாளை ஒட்டினேன். ஒருவர் வந்தால் போதும் என்றுதான் நினைத்தேன்.

முதல் நாள் வந்தது இரண்டாம் மாடி கல்லூரித் தம்பி. தம்பி, டிக்கன்ஸின் கஞ்ச முதலாளி ஸ்க்ரூஜ் கதையை இங்கிலீஷில் ஒரு பாரா படித்து, உடனே தமிழில் சொல்லி, ஒன்றேகால் மணி நேரம் தண்ணீர்கூடக் குடிக்காமல் கொண்டுபோனாய். 1843 டிசம்பர் 19-இல் அந்தப் புத்தகம் வந்து, அச்சடித்த 6000 பிரதியும் கிறிஸ்துமஸுக்குள் விற்றுவிட்டது என்று நீ சொன்னதை அம்மா இப்போது வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஆனால் பேய்கள் வந்த இடத்தைவிட அவருக்குப் பிடித்தது அந்தக் கரி வரும் இடம்தான். கரிப்பெட்டியை முதலாளி தன் அறையிலேயே வைத்துக்கொள்ள, குமாஸ்தா மெழுகுவத்தியில் குளிர் காய்கிறான் இல்லையா, அதை இரண்டு தடவை படிக்கச் சொன்னார்.

அப்புறம் நம் தெருமுனை இஸ்திரி வண்டி அக்கா. உங்களை நான் எதிர்பார்க்கவே இல்லை அக்கா. "எனக்குப் படிக்க வராது, பொண்ணு படிப்பா, நானும் கேக்குறேன்" என்று எட்டாவது படிக்கும் பாப்பாவைக் கூட்டி வந்தீர்கள். பாப்பா படித்தது ஓ. ஹென்றியின் கதை. டெல்லாவின் கையில் இருப்பது ஒரு டாலர் 87 சென்ட். தலைமுடியை 20 டாலருக்கு விற்று, கணவனின் கடிகாரத்துக்கு 21 டாலரில் சங்கிலி வாங்குகிறாள். கணவனோ அந்தக் கடிகாரத்தை விற்று அவள் கூந்தலுக்குச் சீப்பு வாங்கி வந்திருக்கிறான். எல்லாரும் உச்சுக்கொட்டிக்கொண்டிருந்தபோது நீங்கள் மட்டும் விரல்விட்டு எண்ணி, "மிச்சம் 87 காசு இருக்கும். ராத்திரிக்கு என்ன ஆக்குனா?" என்று கேட்டீர்கள். பாப்பா கடைசிப் பக்கத்தைத் திரும்பப் பார்த்து, கறி வறுக்கச் சொல்கிறான் கணவன் என்றாள். "அப்ப சரி" என்று அப்போதுதான் நிம்மதியாக உட்கார்ந்தீர்கள். அந்தக் கதையைப் பத்து வருடமாகப் பள்ளியில் நடத்தியிருக்கிறேன். அன்றைக்கு அந்த வீட்டில் சாப்பாடு இருந்ததா என்று ஒரு தடவையும் நான் யோசித்ததில்லை.

செருப்புக் கடை பாய் டால்ஸ்டாய் கதையை எடுத்துக்கொண்டது தற்செயல் இல்லை என்றே நினைக்கிறேன். நிலவறையில் உட்கார்ந்து பூட்ஸ் தைக்கும் மார்ட்டினுக்கு ஜன்னல் வழியாக ஆட்களின் கால்தான் தெரியும், பூட்ஸை வைத்தே ஆளை அடையாளம் கண்டுபிடிப்பான். பாய் படிப்பதை நிறுத்திவிட்டு, "நமக்கும் அப்படித்தான் அம்மா, மொதல்ல காலப் பாப்போம், அப்புறம்தான் மூஞ்சி" என்றார். நாளைக்கு வருகிறேன் என்று சொன்ன ஆண்டவருக்காக மார்ட்டின் நாள் முழுக்கக் காத்திருக்கிறான். வந்ததெல்லாம் பனி அள்ளும் கிழவனும், கைக்குழந்தையோடு நடுங்கும் ஒரு பெண்ணும், ஆப்பிள் விற்கும் கிழவியும், அவளிடம் திருடிய பையனும்தான். கதை முடிந்ததும் பாய் கிளம்பவில்லை. குர்ஆனில் 19-ஆவது அத்தியாயத்துக்கே மர்யம், அதாவது இயேசுவின் தாய் மரியாள், என்றுதான் பெயர் என்று ஆரம்பித்து, பிரசவ வலியில் அவர் பேரீச்ச மரத்தடிக்கு வந்ததையும், மரத்தை உலுக்கு, பழம் விழும் என்று குரல் கேட்டதையும் சொன்னார். பிள்ளைத்தாய்ச்சிக்கு அங்கே பழமும் தண்ணீரும் கிடைத்ததே என்று அம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம். மறுநாள் பேரீச்சம்பழம் ஒரு டப்பா கொண்டுவந்து கொடுத்தீர்களே பாய், அதை அம்மா கேக்கில் போட விடவில்லை, தினம் ஒன்றாகச் சாப்பிடுகிறார்.

மற்ற ஐந்து பேரைப் பற்றியும் இப்படியே எழுத எனக்கு ஆசை, இடம் போதாது. ஆனால் எட்டாம் நாளை விட முடியாது. அன்றைக்கு நாலாவது படிக்கும் குட்டிப் பையன் பைபிளில் இயேசு பிறந்ததைச் சொல்லும் லூக்கா இரண்டாம் அதிகாரம் படித்தான். பழைய தமிழ், தடுமாறித் தடுமாறித்தான் படித்தான். "சத்திரத்திலே அவர்களுக்கு இடமில்லாதிருந்தபடியினால்" என்று வந்ததும் நிமிர்ந்து, "நாடகத்துல நான்தான் சத்திரக்காரன். கெட்டவன்" என்றான். அம்மா சிரித்துவிட்டு, அப்படி ஒரு ஆளே பைபிளில் இல்லை, இடம் இல்லை என்றுதான் போட்டிருக்கிறது, அவனை ஏன் திட்ட வேண்டும் என்றார். முன்னணை என்றால் மாட்டுக்குத் தீனி வைக்கும் தொட்டி என்றும் சொல்லிக்கொடுத்தார். அவன் கொஞ்ச நேரம் யோசித்து, "அப்போ அந்தத் தொட்டிய யாரு காமிச்சாங்க?" என்று கேட்டான். அம்மா பேசவே இல்லை. கொஞ்சம் கழித்து, "அத எழுதாம விட்டுட்டாங்கடா" என்றார்.

எனக்கு 2015 ஞாபகம் வந்தது. டிசம்பர் 1 ராத்திரி அடையாறு பெருகி, ஜாபர்கான்பேட்டையில் எங்கள் தரைத்தள வீட்டில் இடுப்பளவு தண்ணீர். மாடியில் ஒற்றை பெட்ரூம் வீட்டுக்காரர்கள் எங்களையும் பக்கத்து வீட்டையும் ஏற்றிக்கொண்டார்கள். பதினான்கு பேர், நாலு நாள். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கினோம். அங்கேயும் இடம் இல்லைதான். அந்த அக்கா பீரோவை இழுத்துப் பால்கனியில் போட்டுவிட்டு, அது நின்ற இடத்தில் அம்மாவுக்குப் பாய் விரித்தார். அவர்களுக்கு நான் இதுவரை ஒழுங்காக நன்றிகூட எழுதியதில்லை. இதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

ஒன்பது ராத்திரியும் வாயைத் திறக்காமல் மூலையில் உட்கார்ந்து கேட்டேன். தெரிந்த கதைகள்தான். பண்டிகை என்றால் கேக்குக்குப் பழம் ஊறப்போடுவதும் துணி எடுப்பதுமாகவே ஓடிவிடும் எனக்கு, இந்த வருடம்தான் இப்படி உட்கார வாய்த்தது. 23-ஆம் தேதி எல்லாரும் போன பிறகு அம்மா விளக்கை அணைக்க வேண்டாம் என்றார். அவருக்கு வெளிச்சம் தெரியாது. "யாராச்சும் எதையாவது மறந்து வச்சிட்டுப் போயிருப்பாங்க, திரும்பி வருவாங்க" என்றார்.

மறந்துதான் போயிருக்கிறீர்கள். ஒரு கறுப்புக் குடை, இரண்டு எவர்சில்வர் டம்ளர், பாப்பாவின் கணக்கு நோட்டு எல்லாம் எங்கள் வீட்டில்தான் இருக்கின்றன. கேக்கும் அச்சு முறுக்கும் எடுத்து வைத்திருக்கிறேன். எப்போது வேண்டுமானாலும் வாருங்கள், கதவைத் தட்டிவிட்டு உங்கள் பேரைச் சத்தமாகச் சொல்லுங்கள், குரலை வைத்துத்தான் அம்மா கண்டுபிடிப்பார்.