வார்ப் வேகத்துக்கு ஒரே கணக்கு வையுங்கள்: ஸ்டார் டிரெக் எழுத்தாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஸ்டார் டிரெக் தொடர்களை எழுதுகிறவர்களுக்கும் அவற்றின் அறிவியல் ஆலோசகர்களுக்கும் வணக்கம்.

உங்கள் கதைகளில் விண்கப்பல்கள் ஒளியைவிட வேகமாகப் பறப்பது வார்ப் என்ஜினால். வார்ப் எண் கூடக்கூட வேகமும் கூடும். கற்பனை என்ஜினுக்கு எதற்குக் கணக்கு என்று ஒதுக்கிவிடாதீர்கள். உதவி வந்து சேர எத்தனை நாள், துரத்துகிறவனிடமிருந்து தப்ப முடியுமா, வீடு எவ்வளவு தூரம்: உங்கள் கதைகளின் பதற்றம் இந்த எண்களை நம்பித்தான் நிற்கிறது.

1966-ல் வந்த முதல் தொடருக்கு எளிய விதி இருந்தது. வார்ப் எண்ணின் முப்படி எவ்வளவோ, ஒளிவேகத்தைப் போல அத்தனை மடங்கு. வார்ப் 6 என்றால் 216. 1987-ல் நெக்ஸ்ட் ஜெனரேஷன் தொடர் வந்தபோது அளவுகோல் மாறி, வார்ப் 10 எட்டவே முடியாத முடிவிலி ஆனது. அதே வார்ப் 6 சுமார் 392 மடங்கு ஆயிற்று. மாற்றியதில் தவறில்லை. ஆனால் 1994-ல் அத்தொடரின் கடைசிக் கதையிலேயே ஓர் எதிர்காலக் கப்பல் வார்ப் 13-ல் போகிறது. அளவுகோல் மறுபடி மாறியதென்றால் அதைச் சொல்ல ஒரு வரி வசனம் போதும்.

பெரிய சிக்கல் வாயேஜர் தொடரில் இருக்கிறது. பூமியிலிருந்து வெகுதொலைவில் சிக்கிய ஒரு கப்பல் வீடு திரும்பும் கதை அது. வீட்டுக்கு 70,000 ஒளியாண்டு தூரம், 75 ஆண்டுப் பயணம் என்று முதல் கதையில் சொன்னீர்கள். வகுத்துப் பார்த்தால் ஒளிவேகத்தைப் போல 933 மடங்கு. வார்ப் 8-க்கும் (1024) குறைவு. அந்தக் கப்பல் தொடர்ந்து ஓடக்கூடிய வேகம் வார்ப் 9.975 என்பதும் அதே கதையில் வருகிறது. 1991-ல் வெளியான தொழில்நுட்பக் கையேட்டின்படி வார்ப் 9.9 சுமார் 3053 மடங்கு, அதாவது வீடு சேர 23 ஆண்டு. இரண்டாம் சீசன் தொடக்கத்திலோ அந்தக் கப்பலின் ஓட்டுநர் டாம் பாரிஸ், வார்ப் 9.9 என்றால் நொடிக்கு 400 கோடி மைல் என்கிறார். அது 21,000 மடங்குக்கும் மேல். அந்தக் கணக்கில் மூன்றே கால் ஆண்டில் வீட்டுக்குப் போய்விடலாம்! எரிபொருள் தேடல், பழுதுபார்ப்பு எல்லாம் சேர்த்துச் சராசரி 933 என்பது எங்களுக்கு நியாயமாகவே படுகிறது. கைவிட வேண்டியது அந்த 400 கோடியைத்தான்.

கணக்கு உங்களுக்கு வராதது அல்ல. 2001-ல் எண்டர்பிரைஸ் தொடரின் முதல் கதையில் வார்ப் 4.5-ல் நெப்டியூனுக்குப் போய்த் திரும்ப 6 நிமிடம் என்கிறார் கேப்டன் ஆர்ச்சர். ஒளிக்கே எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும் அந்தத் தூரத்தை 91-ஆல் (4.5-ன் முப்படி) வகுத்தால் ஐந்தரை நிமிடம். அருமை. ஆனால் அதே கதையில் கிளிங்கான்கள் என்ற வேற்றுக்கிரகவாசிகளின் தாயகம் நான்கு நாள் பயணம். 91 மடங்கு வேகத்தில் நான்கு நாளில் கடப்பது ஓர் ஒளியாண்டு. சூரியனுக்கு மிக அருகிலுள்ள விண்மீனே நான்கு ஒளியாண்டுக்கு அப்பால்தான் இருக்கிறது.

வார்ப் என்ஜினுக்கு ஆற்றல் தரும் உலையில், பொருளும் எதிர்ப்பொருளும் மோதி அழிந்து ஆற்றலாகின்றன. அவற்றின் கலவை விகிதத்தைச் சரிசெய்வது சுலபம். பொருளும் எதிர்ப்பொருளும் சேர ஒரே விகிதம்தான், 1:1 என்பது 1988-ல் நெக்ஸ்ட் ஜெனரேஷன் கதையொன்றில் வெஸ்லி என்ற இளைஞன் தேர்வில் சொன்ன விடை. கையேட்டிலோ குறைந்த வேகத்தில் பொருள் பல மடங்கு அதிகம், வார்ப் 8-ல்தான் 1:1. இரண்டும் ஒத்துப்போக வழியுண்டு. அழிவது எப்போதும் சமஅளவுதான். மிஞ்சும் பொருளான டியூட்டீரியம் (கன ஹைட்ரஜன்) சூடேறி, பிளாஸ்மாவாக ஆற்றலைச் சுமந்து போகிறது. உட்செலுத்தும் விகிதம், அழியும் விகிதம் என்று வசனத்தில் பிரித்துச் சொல்லுங்கள்.

உலையில் அந்த வினையைக் கட்டுப்படுத்தும் படிகமான டைலித்தியம் விஷயத்தில் பதில் அவ்வளவு எளிதில்லை. 2020-ல் டிஸ்கவரி தொடரின் மூன்றாம் சீசனில் டைலித்தியம் அனைத்தும் ஒரே கணத்தில் செயலிழக்க, ஓடிக்கொண்டிருந்த வார்ப் உலைகள் வெடித்தன. 1993-லேயே ரோமுலன் என்ற வேற்றுக்கிரக இனத்தின் கப்பல்களுக்குச் செயற்கைக் கருந்துளைதான் உலை என்று காட்டிவிட்டீர்களே, அவை என்ன ஆயின? அந்த விபத்துக்கு முன்பே டைலித்தியம் அருகிவிட்டது என்றும் சொல்கிறீர்கள். 1986-ல் வந்த ஸ்டார் டிரெக் படத்தில் அணு உலையின் ஃபோட்டான்களைக் கொண்டே பழுதான படிகத்தை மீட்டார்களே, அந்த முறை ஏன் கைகொடுக்கவில்லை? கப்பல் பெருக்கத்துக்கு ஈடுகொடுக்கவில்லை என்றாலும் ஏற்போம். சொல்லத்தான் வேண்டும்.

எங்கள் கோரிக்கை இது. ஒவ்வொரு நூற்றாண்டுக்கும் ஒரு வேக அட்டவணையை வெளியிடுங்கள். தூரம், நேரம், வார்ப் எண் ஆகிய மூன்றில் இரண்டை மட்டும் வசனத்தில் வையுங்கள். மூன்றையும் சொல்லியே ஆக வேண்டிய காட்சி என்றால், படப்பிடிப்புக்கு முன் ஒருவர் அந்த அட்டவணையோடு சரிபார்த்துவிடட்டும்.