உத்திரமேரூர்: குடவோலையும் ஏரி வாரியமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உள்ளாட்சி அமைப்புகள் குறித்துத் தாங்கள் அண்மையில் வெளியிட்ட கட்டுரையில் உத்திரமேரூர்க் கல்வெட்டுகளுக்கு உரிய இடம் தந்திருந்தது மகிழ்ச்சி அளித்தது. ஆயினும் எங்கள் ஊரைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும், பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டு எடுத்து ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு, அதாவது குழுக்களுக்கு, ஆள் தேர்ந்தெடுத்த குடவோலை முறையோடு நின்றுவிடுகிறார்கள். ஓலை எடுத்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் எந்த வேலையைச் செய்தார்கள், அந்த வேலை இன்று யார் கையில் இருக்கிறது என்ற கேள்வி எழுவதே இல்லை.

காஞ்சிபுரத்துக்குத் தெற்கே, செய்யாற்றுக்குத் தென்புறம் அமைந்த எங்கள் ஊருக்கு ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. பருவமழையில் செய்யாற்றில் வெள்ளம் வரும்போது கால்வாய் வழியே நீரைத் திருப்பி ஏரியில் தேக்கினால்தான் அதன் பாசன நிலமான ஆயக்கட்டில் நெல் விளையும். பல்லவர் காலத்தில் வைரமேகத் தடாகம் எனப் பெயர் பெற்ற அந்த ஏரியே இன்றும் ஊரின் உயிர்நிலை. அதில் தூர்வாருவதற்காகப் பொன் கொடுத்தவர்களின் அறக்கட்டளைகளைப் பல்லவர் காலக் கல்வெட்டுகளே பதிவு செய்திருக்கின்றன.

வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் உள்ள முதலாம் பராந்தகச் சோழன் காலத்துக் கல்வெட்டுகள் கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்தவை. ஊரின் பிரிவுகளான 30 குடும்புகளிலிருந்தும் குடும்புக்கு ஒருவராக 30 பேரைக் குடவோலையால் எடுத்து, 12 பேரைச் சம்வத்சர வாரியம் என்ற ஆண்டு வாரியத்துக்கும், 12 பேரைத் தோட்ட வாரியத்துக்கும், 6 பேரை ஏரி வாரியத்துக்கும் அமர்த்தினார்கள். குடத்தை எல்லோரும் காணும்படி உயர்த்திப் பிடிக்க வேண்டும். விவரம் அறியாத சிறுவன் ஒருவன் ஓலையை எடுக்க வேண்டும். நடுவரான மத்தியஸ்தன் ஐந்து விரலும் அகல விரித்த உள்ளங்கையில் அதை வாங்கிப் படிக்க வேண்டும். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமல்லர், அவருடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் குடத்தில் பெயர் இடப்படும் தகுதியை இழந்தார்கள். 919-இல் 30 முதல் 60 வரை என்றிருந்த வயது வரம்பை இரண்டே ஆண்டுகளில் 35 முதல் 70 வரை என மாற்றியதிலிருந்து, விதிகளைத் தங்கள் அனுபவத்தைக் கொண்டு திருத்திக்கொள்ளும் பழக்கம் அந்தச் சபைக்கு இருந்தது என்று நான் கருதுகிறேன். இதை இன்றைய மக்களாட்சியோடு அப்படியே ஒப்பிடுவது சரியாகாது. நிலமும் மனையும் வேதக் கல்வியும் உடைய அந்தண ஆண்களுக்கு மட்டுமே அங்கே இடம் இருந்தது. ஏரி நீரில் உழுது பயிரிட்டவர்களின் பெயர் குடத்தில் விழவே இல்லை.

அந்தக் குறை இன்று நீங்கியிருக்கிறது. வயது வந்த அனைவரும் வாக்களித்துப் பேரூராட்சி மன்றத்தைத் தேர்ந்தெடுக்கிறோம். ஆனால் அந்த மன்றத்துக்கு ஏரியின் மீது அதிகாரம் இல்லை. குடிநீர், தெருவிளக்கு, குப்பை ஆகியவை பேரூராட்சியின் பொறுப்பு. ஏரி நீர்வளத் துறையின் பொறுப்பு. அரசமைப்புச் சட்டத்தின் பதினொன்றாம் அட்டவணை ஊராட்சிகளுக்கு உரியவற்றில் சிறு பாசனத்தையும் நீர் மேலாண்மையையும் சேர்த்திருக்க, நகர்ப்புற அமைப்புகளுக்கான பன்னிரண்டாம் அட்டவணையின் 18 இனங்களில் பாசனமே இடம்பெறவில்லை. சட்டத்தின் பார்வையில் பேரூராட்சி நகர்ப்புறம். எங்கள் ஊரிலோ விவசாயம் இன்னும் வாழ்வாதாரமாக இருக்கிறது. போதாக்குறைக்கு, 2016 அக்டோபர் முதல் 2022 பிப்ரவரித் தேர்தல் வரை தமிழகத்தின் மற்றப் பேரூராட்சிகளைப் போலவே இங்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே இல்லாமல் தனி அலுவலரின் நிர்வாகம் நடந்தது. 360 நாளுக்கு ஒருமுறை வாரியம் மாறிய ஊரில் இது நடந்ததை நினைக்கையில் வேதனையாக இருக்கிறது.

மதகு, கரை, கலங்கல் ஆகியவற்றின் பொறியியல் பணிகளைத் துறையே செய்யட்டும். அந்தத் திறமை பேரூராட்சியிடம் இல்லை. ஆனால் வரத்துக் கால்வாயில் எந்த இடத்தில் மண் மேடிட்டிருக்கிறது, எந்த மதகிலிருந்து கடைமடைக்கு நீர் எட்டவில்லை என்பதை முதலில் அறிபவர்கள் இங்கே இருப்பவர்கள்தாம். எனவே ஆயக்கட்டு விவசாயிகளும் மன்ற உறுப்பினர்களும் அடங்கிய ஏரிக் குழு ஒன்றைப் பேரூராட்சிகளில் அமைப்பதற்கு மாநில அரசு சட்டத்தில் வழி செய்ய வேண்டும். நிலமற்ற கூலித் தொழிலாளர்களுக்கும் பெண்களுக்கும் அதில் இடம் ஒதுக்க வேண்டும். ஏரிக்குச் செலவிடப்படும் தொகையின் கணக்கை, ஒவ்வோர் ஆண்டும் பருவமழை தொடங்கும் முன், பேரூராட்சி அலுவலகப் பலகையில் எல்லோரும் படிக்கும்படி எழுதி வைக்க வேண்டும். இந்தக் கோரிக்கையைத் தங்கள் இதழ் அரசின் கவனத்துக்குக் கொண்டு செல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
உத்திரமேரூர், காஞ்சிபுரம் மாவட்டம்.