கிரியான் ஆற்றின் இரு கரையிலும் வீட்டு வரி

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நிபோங் திபால், பாரிட் புந்தார், பண்டார் பாரு ஆகிய மூன்று ஊர்களும் நம் மலேசியாவில் கிரியான் ஆற்றையொட்டிப் பக்கம் பக்கமாக இருந்தாலும், முதலாவது பினாங்கிலும் இரண்டாவது பேராக்கிலும் மூன்றாவது கெடாவிலும் அடங்கியவை. சந்தைக்கும் கோயிலுக்கும் உறவினர் வீட்டுக்கும் போய்வரும்போது ஒரே நாளில் மூன்று மாநிலங்களில் கால் வைக்கிறவர்கள் நாங்கள். அதனால் வரி கட்டும் மாதங்கள் நெருங்கும்போதெல்லாம் அக்கரையில் வரி குறைவு, இக்கரையில் அதிகம் என்ற பேச்சு இங்கே எழுகிறது. தோட்ட அலுவலகத்தில் கிராணியாக, அதாவது எழுத்தராக, வேலை பார்த்து ஓய்வு பெற்ற நான், அந்தப் பேச்சில் விடுபட்டுப் போகும் ஒன்றைப் பற்றி எழுத விரும்புகிறேன்.

நம் நாட்டில் வருமான வரி கூட்டரசுக்கு, அதாவது மத்திய அரசுக்கு, உரியது. 1967-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின்படி, வரிக்குரிய வருமானத்தில் முதல் 5,000 வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) வரி இல்லை. 20 லட்சம் வெள்ளிக்கு மேற்பட்ட பகுதிக்கு 30 விழுக்காடு. ஆற்றின் எந்தக் கரையில் குடியிருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. மாநிலங்களுக்கு அரசமைப்புச் சட்டம் ஒதுக்கியிருக்கும் வருவாயில் முதன்மையானவை நிலமும் சுரங்கமும் காடும்தான். ஆகவே நில வரியை மாநில அரசு தேசிய நிலச் சட்டத்தின் கீழும், மதிப்பீட்டு வரியை ஊராட்சி மன்றம் 1976-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின் கீழும் வசூலிக்கின்றன. மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுவது இவைதான். சம்பளம் நின்றுபோன பிறகும் தொடர்ந்து வருபவையும் இவைதான்.

அமெரிக்காவில் மாநிலங்களே தனியாக வருமான வரி விதிக்கலாம். என் தங்கை மகன் அங்கே மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வேலை செய்துகொண்டு, எல்லைக்கு அப்பால் நியூ ஹாம்ப்ஷயரில் வீடு வாங்கினார். மாசசூசெட்ஸில் சம்பளத்துக்கு 5 விழுக்காடு மாநில வரி உண்டு. நியூ ஹாம்ப்ஷயரில் சம்பளத்துக்கு வரி கிடையாது, பொதுவான விற்பனை வரியும் கிடையாது. கேட்டவுடன் எங்களுக்கெல்லாம் அவர் நல்ல இடம் பார்த்துக் குடியேறிவிட்டதாகத்தான் தோன்றியது. ஆனால் மாசசூசெட்ஸுக்குள் உழைத்துப் பெறும் சம்பளத்துக்கு அந்த மாநிலத்துக்கே வரி கட்ட வேண்டும் என்பதையும், நியூ ஹாம்ப்ஷயரின் சொத்து வரி அந்நாட்டிலேயே மிக உயர்ந்தவற்றுள் ஒன்று என்பதையும் அவர் பிறகுதான் உணர்ந்தார். மாசசூசெட்ஸிலோ, ஓர் ஊர் திரட்டும் சொத்து வரியின் மொத்தம், புதிய கட்டடங்களால் வருவது நீங்கலாக, ஊர் மக்கள் வாக்களித்து இசைந்தாலொழிய ஆண்டுக்கு 2.5 விழுக்காட்டுக்கு மேல் உயரக்கூடாது என்று 1980-ஆம் ஆண்டிலேயே மக்கள் வாக்கெடுப்பில் வரம்பு கட்டியிருக்கிறார்கள்.

நியூ ஹாம்ப்ஷயரில் இன்னொன்றும் நடந்தது. அங்கே பள்ளிச் செலவின் பெரும்பகுதி அந்தந்த ஊரின் சொத்து வரியைச் சார்ந்திருந்ததால், விலை உயர்ந்த வீடுகள் இல்லாத ஏழை ஊர்கள் அதிக விகிதத்தில் வரி விதித்தும் பள்ளிக்குக் குறைவாகவே செலவிட முடிந்தது. கிளேர்மாண்ட் உள்ளிட்ட சில ஊர்கள் தொடுத்த வழக்கில், இத்தகைய ஏற்றத்தாழ்வு அரசமைப்புக்கு முரணானது என்று மாநில உச்ச நீதிமன்றம் 1997-இல் தீர்ப்பளித்தது. பிட்ஸ்ஃபீல்ட் என்ற ஊரின் விகிதம் மோல்டன்பரோ என்ற ஊரின் விகிதத்தைப் போல் நான்கு மடங்குக்கும் மேல் இருந்ததைத் தீர்ப்பே எடுத்துக்காட்டியது. இதைப் படித்தபோது எனக்கு எங்கள் ஊர்கள்தாம் நினைவுக்கு வந்தன. நிபோங் திபாலை உள்ளடக்கிய, தொழிற்பேட்டைகள் நிறைந்த செபராங் பிறை முழுவதற்கும் ஒரே மாநகர் மன்றம். வயலும் செம்பனையும் நிறைந்த, பாரிட் புந்தார் அடங்கிய கிரியான் மாவட்டத்துக்கும் பண்டார் பாருவுக்கும் தனித்தனி மாவட்ட மன்றங்கள். தொழிற்சாலைகளும் கடைகளும் குறைந்த ஊரில் குப்பை அள்ளவும் கால்வாய் தூர்வாரவும் பணம் தேவையென்றால், அது வீட்டுக்காரரிடமிருந்துதான் வர வேண்டியிருக்கிறது.

மதிப்பீட்டு வரியின் விகிதத்தை மட்டும் ஒப்பிடுவதும் ஏமாற்றும். வீட்டின் ஆண்டு வாடகை மதிப்பில் இத்தனை விழுக்காடு என்றுதான் அந்த வரி கணக்கிடப்படுகிறது. ஒரு வீட்டுக்கு மாதம் 500 வெள்ளி வாடகை கிடைக்கும் என்று மதிப்பிட்டால் ஆண்டு மதிப்பு 6,000 வெள்ளி. விகிதம் 10 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால் ஆண்டு வரி 600 வெள்ளி, அரையாண்டுக்கு 300. பக்கத்து ஊரில் விகிதம் 8 விழுக்காடாகவே இருந்தாலும், வீடுகளின் வாடகை மதிப்பை மன்றம் எழுதிவைக்கும் மதிப்பீட்டுப் பட்டியலைப் புதுப்பித்து அதே மாதிரி வீட்டுக்கு 800 வெள்ளி வாடகை எழுதியிருந்தால், வரி 768 வெள்ளியாகிவிடும். பட்டியல் என்றைக்கு எழுதப்பட்டது என்று கேட்காமல் எந்தக் கரை மலிவு என்று சொல்ல முடியாது.

தோட்டத்தில் லயத்து வீட்டில் இருந்தவரை எங்கள் மக்களுக்கு இந்தத் தாள்கள் கண்ணில் பட்டதே இல்லை. நில வரியைத் தோட்ட நிர்வாகம் கட்டியது. வேலை முடிந்து, சேமநிதிப் பணத்தை எடுத்துத் தாமானில், அதாவது வீடமைப்புப் பகுதியில், சிறு வீடு வாங்கிய பிறகுதான் முதல் பில் வருகிறது. எங்கள் வரிசையில் ரப்பர் பால்வெட்டிப் பிழைத்த ஓர் அம்மா இருக்கிறார். கணவர் இறந்து பல ஆண்டுகளாகியும் பட்டாவில் பெயர் மாற்றவில்லை. நில வரி பில் கணவர் பெயருக்கே வந்துகொண்டிருந்தது. இறந்தவருக்கு வரும் கடிதம்தானே என்று அந்த அம்மா அதைப் பிரிக்காமலேயே வைத்திருந்தார். மே 31-க்குள் கட்டாத நில வரி நிலுவையாகும், நிலுவையைக் கட்டக் கோரும் அறிவிப்பான 6ஏ படிவம் அனுப்பிய பிறகும் குறித்த தவணைக்குள் கட்டாவிட்டால் நிலமே மாநில அரசின் கைக்குப் போகலாம் என்பதை நான் படித்துச் சொன்னபோது அவர் கை நடுங்கியதை என்னால் மறக்க முடியவில்லை. வருமான வரித் தாளையே வாழ்நாளில் பார்த்திராத ஒருவரிடம், இருக்கும் ஒரே கூரையும் இப்படிப் போகக்கூடும்.

எனவே மூன்று மாநில அரசுகளையும் மன்றங்களையும் நான் கேட்டுக்கொள்வது இதுதான். வருமானமே இல்லாத முதியவர் தாம் குடியிருக்கும் ஒரே வீட்டுக்கு ஆண்டுக்கு நில வரியும் மதிப்பீட்டு வரியுமாக மொத்தம் எவ்வளவு கட்டுகிறார் என்ற கணக்கை வெளியிடுங்கள். சலுகை இருந்தால், அவர் அலுவலக முகப்பில் வந்து கேட்கும்வரை காத்திராமல் பில்லிலேயே கழித்துக் கொடுங்கள். புதிய மதிப்பீட்டுப் பட்டியல் மீதான ஆட்சேபத்தை, பரிசீலனை நாளுக்குக் குறைந்தது 14 நாள்களுக்கு முன் எழுத்து மூலம் தர வேண்டும் என்ற விதியை, எங்கள் மக்கள் படிக்கும் மொழியிலும் அச்சிட்டு அனுப்புங்கள்.

கோயில் நிர்வாகங்களும் இதில் உதவலாம். மண்டபத்தில் ஒரு மேசை போட இடம் கொடுத்தால், வரி கட்ட வேண்டிய பிப்ரவரி, மே, ஆகஸ்ட் மாத ஞாயிற்றுக்கிழமைகளில் பில்களைப் படித்துச் சொல்லவும், பெயர் மாற்றத்துக்கான படிவங்களை நிரப்பித் தரவும் நான் வந்து உட்காரத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தோட்டக் கிராணி,
நிபோங் திபால்.