பச்சை வண்ணம் அடித்த முக்கோணம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கடந்த ஞாயிறன்று வெளியான வீட்டுமனை இணைப்பிதழின் முதல் கட்டுரையில், பூங்காவுக்கு நிலம் ஒதுக்கச் சொல்வதால்தான் நடுத்தரக் குடும்பத்தாருக்கு மனை எட்டாக்கனியாகிறது என்று ஒரு வரி போகிறபோக்கில் எழுதப்பட்டிருந்தது. அதே இதழின் கடைசிப் பக்கத்தில் ‘இயற்கையின் மடியில்’ என்றொரு முழுப்பக்க மனை விளம்பரம். கட்டுரையாளர் கடைசிப் பக்கம் வரை படிக்கவில்லை என்றே எடுத்துக்கொள்கிறேன்.

தாங்கள் அறியாததல்ல. 3,000 சதுர மீட்டரைத் தாண்டும் மனைப்பிரிவில், சாலைகள் போக எஞ்சும் பரப்பில் 10 விழுக்காட்டைத் திறந்தவெளியாக ஒதுக்க வேண்டும். ஆனால் 10,000 சதுர மீட்டருக்குள் இருந்தால், இடம் தர இயலாதென்று கூறி, அரசு நிர்ணயித்த நில விலையான வழிகாட்டி மதிப்பில் பணமாகவே கட்டிவிடலாம். கட்டிய பணம் எந்தத் தெருவிலும் நிழல் தருவதில்லை.

நில அளவைப் பணியில் 30 ஆண்டுகள் சங்கிலி பிடித்தவன் நான். மனைகளையெல்லாம் வெட்டி முடித்தபின், விலைபோகாமல் மூலையில் மிஞ்சும் முக்கோணத்துக்குப் பச்சை வண்ணம் அடிக்கப்படுவதை எத்தனையோ வரைபடங்களில் பார்த்திருக்கிறேன். மழைநீர் எந்தப் பக்கம் இறங்குகிறது, தாழ்வு எங்கே, பனையும் புங்கமும் எங்கே நிற்கின்றன என்பதை முதலில் குறித்து, அவற்றை விட்டுவிட்டு மனை பிரிக்கச் சில நாள் வேலைதான் கூடுதலாகும். 1994-இல் மேடவாக்கத்தில் நான் மனை வாங்கியபோது பூங்கா என்று காட்டப்பட்ட இடத்தில் இன்று மேல்நிலைத் தொட்டியும் சங்கக் கட்டடமும் இருக்கின்றன. மிச்சத்தில் பேவர் பிளாக் பதித்தாயிற்று. 2015 டிசம்பரில் என் வீட்டுக் கூடத்தில் முழங்காலளவு நீர் நின்றது.

எங்கள் பகுதியின் பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் 2022-இல் ராம்சார் தலமானபோது, அதாவது பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்தபோது, அதற்கு நீர் கொண்டுசேர்க்கும் ஏரிகளும் தாங்கல்களும் ஒவ்வொன்றாக மனைகளாவதைப் பற்றி இரண்டு பக்கக் கடிதம் அனுப்பினேன். அதில் பூநாரையைப் பற்றிய இரண்டு வரிகளை மட்டும் வெளியிட்டிருந்தீர்கள், நன்றி.

இப்போது கேட்பது சிறிய உதவி. மனை விளம்பரங்களில் அனுமதி எண் அச்சாகிறது. அதன் அருகிலேயே, பூங்கா நிலத்தின் சர்வே எண்ணையும் அதை உள்ளாட்சிக்கு எழுதிக்கொடுத்த தானப் பத்திரத்தின் எண்ணையும் சேர்க்கும்படி விளம்பரதாரர்களிடம் தாங்கள் கேட்கலாகாதா? ‘இயற்கையின் மடியில்’ என்ற எழுத்தைச் சற்றே சிறிதாக்கினால் இடம் கிடைத்துவிடும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நில அளவர்,
மேடவாக்கம், சென்னை.